குருவம்மா தட்டின தட்டு

எலுமிச்சம்பழம் வாங்கினால் ஊறுகாய்க்கு வாங்குகிற ஆள் நான், வாசலில் கட்டுவதற்கு வாங்கியதே கிடையாது. எங்கள் ஊர்க் கொடையில் சாமியாடி என் முன்னால் வந்து நாக்கைத் துருத்தினாலும் வேர்வை நாற்றத்துக்கு விலகுவேனே தவிர பயந்து விலகியதில்லை. விருதுநகரில் கல்லூரியில் பௌதிகம் படித்து, அதே கல்லூரிச் சோதனைச்சாலையில் டெமான்ஸ்டிரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் எப்போதோ ஆகி முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பிள்ளைகள் தட்டைப் போட்டு டங்கு டங்கென்று அடித்தால், “என்னலே, குருவம்மா தட்டுன தட்டாவுல்ல தட்டுற, வீட்டக் கொளுத்திராத” என்பார்கள். சிவகாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸை ஓங்கி வைத்த ஒருத்தனிடம்கூட யாரோ அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்களுக்கு அந்தக் குருவம்மா யாரென்று தெரியாது, சும்மா வாயில் வருகிறது, சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தெரியும். என் கூடப்பிறந்த அக்கா.

எங்களுக்குக் கரிசல் காடு இருந்தது, காடு இருந்து என்ன, வானம் வேண்டுமே. அடுத்தடுத்து மழை பொய்த்ததும் அக்கா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். மருந்து செலுத்துகிற அறையில் வேலை. வெடிக்குழாய்களை வட்டமாக அடுக்கிக் கட்டிய வளையத்தில் மருந்தைக் கொட்டி, அது அடிவரைக்கும் இறங்குவதற்காக மரக்கொட்டாப்புளியால், மரச்சுத்தியல்தான், பக்கவாட்டில் தட்ட வேண்டும். மூன்று தட்டு, வளையத்தைத் திருப்பு, மூன்று தட்டு, மறுபடி திருப்பு. அது எல்லாரும் செய்வது. முடிந்ததும் உள்ளங்கையால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி வளையத்தைத் தள்ளிவைப்பாள் பாருங்கள், அது அக்கா மட்டும் செய்வது. அந்தக் கைத்தட்டு வீட்டிலும் உண்டு, பிள்ளையைத் தூங்கவைத்தால் கடைசியில் ஒன்று, கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்டால் ஒன்று, நான் கல்லூரிக்குக் கிளம்பினால் என் முதுகில் ஒன்று. “போய்ட்டு வாலே சீனி” என்பாள்.

அவ்வளவு சூதானமானவள். பொறி பறக்கும், அறைக்குள் இரும்பு கூடாது என்று கம்பெனியில் சொன்னால், இவள் கால் மெட்டியையே கழற்றிக் கம்பெனி வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள். அவள் மாமியார் இதற்காகப் பிடித்த சண்டை தெருவுக்கே தெரியும். “புருசன் கல்லுமாதிரி இருக்கயில மெட்டியக் கழத்துறாளே, இவ வெளங்குவாளா” என்று அந்த அம்மா கத்த, “மருந்துக்கு இரும்பு தெரியுமா, வெள்ளி தெரியுமா அத்த, சும்மா இருங்க” என்று அக்கா சிரித்துக்கொண்டே போவாள்.

ஒரு தீபாவளி சீசனில் அந்த அறை வெடித்தது. அக்காவோடு இன்னும் மூன்று பெண்கள். எங்களிடம் கொடுப்பதற்கு வாசற்படியில் இருந்த மெட்டிதான் மிஞ்சியது. விசாரணைக்கு வந்தவர்கள் இடிபாட்டில் ஒரு இரும்புத் துண்டைக் கண்டெடுத்தார்கள். ஆர்டர் அவசரத்தில் மரக்கொட்டாப்புளியை விட்டுவிட்டு அக்கா இரும்பால் தட்டிவிட்டாள் என்று எழுதி முடித்தார்கள். செத்தவள் எழுந்துவந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை, உயிரோடு இருக்கிற முதலாளிக்கு லைசன்ஸ் வேண்டும். மெட்டியைக் கழற்றிவைத்தவள் இரும்பை எடுத்தாளாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? ஆனால் எல்லாரும் கேட்டார்கள், நம்பினார்கள். செத்துப்போன மற்ற மூன்று பேர் வீட்டிலும் எங்களோடு பேச்சு நின்றது. எங்கள் அம்மா குழாயடிக்குப் போவதை விட்டாள். அக்கா மகள் செல்விக்குப் பார்த்த சம்பந்தம், பூ வைக்கிற வரைக்கும் வந்து, “அந்தக் கை பெத்த பிள்ளையா” என்று ஒரு கிழவி கேட்டதோடு நின்றுபோனது. அக்கா பேரைச் சுத்தம் பண்ண வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கம்பெனி முதலாளியின் உடன்பிறந்த தம்பிதான் என்னுடைய பேராசிரியர், ரத்தினசாமி சார். நல்ல மனிதர், இன்றைக்கும் என்னால் அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை, அதுவும் ஒரு எரிச்சல்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, வானத்தில் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதினால் வெட்டவெளியே கொஞ்சம் நெளியும், அதற்கு ஈர்ப்பலை என்று பெயர், அமெரிக்காவில் ஒருவர் பெரிய அலுமினிய உருளையைத் தொங்கவிட்டு அதைப் பிடிக்கப் பார்க்கிறார், நாமும் சின்னதாக ஒன்று செய்து பார்ப்போமா என்றார். சுற்றி இருபத்துநாலு மணி நேரமும் வெடி வெடிக்கிற சீமையில் நட்சத்திரம் முணுமுணுப்பதைக் கேட்கப் போகிறோமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வேலை வேலைதானே. “அந்த வீட்டு உப்பையா திங்கப் போற” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சம்பளம் கல்லூரி கொடுக்கிறது என்றேன். போனேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ரோட்டை விட்டுத் தள்ளி அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய குடோன் கிடந்தது. உருளையை அங்கே வைத்தோம். அண்ணன் கம்பெனியில் வீணாய்க் கிடந்த அலுமினியத் தட்டு, பாத்திரம் எல்லாவற்றையும் மதுரைக்கு அனுப்பி உருக்கி வார்த்து வாங்கியது என்று சார் சொன்னார். அதைப் பற்றி நான் அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். நடுவில் கம்பி போட்டுத் தொங்கவிட்டு, சுற்றிலும் மரப்பெட்டி அடித்து, பஞ்சு அடைத்து, ஒரு முனைக்கு மட்டும் சின்னக் கதவு. உருளையின் இடுப்பில் கிராமபோனில் ஊசியைப் பிடித்திருக்குமே, அந்தப் படிகங்களை ஒட்டி, ஆம்ப்ளிபயரில் இணைத்தோம். உருளை துளி அதிர்ந்தாலும் ஹெட்போனில் கேட்கும், பேனா ஒன்று தாளில் வரைந்துகொண்டே போகும். புதுப்பட்டி ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ‘சாரோட அம்மிக்குழவி’.

இப்படி ஒரு கருவியைச் செய்தால் மட்டும் போதாது, அதற்கு அளவு கட்ட வேண்டும். தெரிந்த தட்டு ஒன்றைத் தட்டி, பேனா எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால்தான் தெரியாத தட்டு வரும்போது அது எத்தனை பலம் என்று சொல்ல முடியும். சின்ன ஈயக்குண்டைத் தெரிந்த உயரத்திலிருந்து உருளையின் முனையில் விழவிடுவோம். மரத்தால் தட்டுவோம், இரும்பால் தட்டுவோம், கையால் தட்டுவோம். மரம் தட்டினால் பேனா மொழுக்கென்று எழும், இரும்பு தட்டினால் வெடுக்கென்று எழும். இன்னொரு சங்கடம், கோயில் மணியை ஒரு தரம் அடித்தால் ஓசை அடங்க எத்தனை நேரமாகிறது, அதுபோல உருளையும் ஒரு தட்டுக்கு ரொம்ப நேரம் ரீங்காரம் போடும். ஒரு தட்டு அடங்குவதற்குள் இன்னொன்று விழுந்தால் தாளில் எல்லாம் கலங்கிக் கிடக்கும். உருளையின் சொந்த ரீங்காரத்தைக் கணக்குப் போட்டுக் கழித்துக்கொண்டே வந்தால், உண்மையில் விழுந்த தட்டுகள் மட்டும் தனித்தனியாகத் தெரியும். ஸ்லைட் ரூலும் கிராப் தாளும் வைத்துக்கொண்டு நான்தான் அதைச் செய்வேன், அதில் எனக்குக் கை வந்துவிட்டது.

சாருக்கு ஒரு பழக்கம். நான் இல்லாதபோது வந்து, எனக்குச் சொல்லாமல் உருளையில் எதையாவது தட்டிவிட்டுப் போய்விடுவார். நான் தாளைப் பார்த்து, எத்தனை தட்டு, எதனால் தட்டியது என்று கண்டுபிடிக்கிறேனா என்று சோதிப்பதற்காக. பொய்த்தட்டு என்போம். கண்டுபிடித்துச் சொன்னால் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்படுவார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் சீமை முழுக்க ஒரு கம்பெனி ஓடாது, ஒரு அச்சாபீஸ் ஓடாது, சுத்தியலிலிருந்து லாரி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து உட்காரவைத்துவிடுவார்கள். சாமி கும்பிட்ட ஆயுதத்தை மறுநாள்வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். வருஷத்திலேயே சத்தமில்லாத பகல் அதுதான், அதனால் கருவியை அன்றைக்கு ஓடவிட்டே ஆக வேண்டும் என்றார் சார். சார் தன் அண்ணன் கம்பெனி பூஜைக்குப் போய்விட்டார். நான் காலையில் குடோனுக்குப் போனேன். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு இல்லை, ஆனாலும் ஊரில் உள்ள கொறடு திருப்புளிக்கெல்லாம் பொட்டு இருக்க, இது மட்டும் மூளி நெற்றியோடு தொங்குகிறதே என்று தோன்றியது. சின்னக் கதவைத் திறந்து உருளையின் முனையில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டேன். சந்தனத்தின் கனத்துக்கே உருளையின் சுருதி இறங்கும், அளவெல்லாம் தப்பும் என்று மூடிய பிறகுதான் உறைத்தது. சரி, நாளைக்கு மறுபடி அளவு கட்டிக்கொள்ளலாம் என்று பேனாவை ஓடவிட்டு, பூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். நான் பொழுது இறங்கத்தான் வருவேன் என்று சாருக்குத் தெரியும்.

வீட்டில் உட்கார முடியவில்லை. அக்கா போன பிறகு நல்ல நாள் என்றாலே அம்மா ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்வாள். அரைகுறையாய்ச் சாப்பிட்டுவிட்டு உச்சிவெயிலிலேயே சைக்கிளில் திரும்பிவிட்டேன். பூட்டு போட்டபடி இருந்தது. திறந்து உள்ளே போனால் பேனா எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. பூனை எலி ஏதாவது பெட்டிமேல் ஓடுகிறதோ என்று ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மூன்று தட்டு.

மரத்தட்டு, மொழுக்கென்று, எங்கேயோ தொலைவில் தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி மெல்லிசாய். எந்தக் கம்பெனியிலோ நல்ல நாளிலும் திருட்டு வேலை ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சுற்று முடிந்தது. உள்ளங்கையால் மெதுவாக ஒரு தட்டு வந்தது. கூடப்பிறந்தவன் ஐயா, இருபது வருஷம் அந்தக் கையை முதுகில் வாங்கியவன், எனக்குத் தெரியாதா? வெளியே வெயில் கொளுத்துகிறது, ஓட்டில் காக்கா கத்துகிறது, நான் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் செத்துப்போன அக்கா வேலை பார்ப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தட்டட்டும் என்றுதான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அடுத்த சுற்றின் நடுவில் பெரிதாக ஒரு தட்டு விழுந்தது. பேனா தாளின் ஓரத்துக்கே போய் இடித்தது, காதில் ரீங்காரம் நிறைந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரொம்ப நேரம் பேனா நடுங்கி, பிறகு அடங்கியது, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். காலையில் அப்பிய சந்தனம் காய்ந்து அப்பளம் போல இருந்தது. ஈ உட்கார்ந்தால் உதிர்ந்துவிடும், ஆனால் ஒரு கீறல் இல்லை. குங்குமம் வைத்த வட்டம் கலையாமல் இருந்தது.

மறுநாள் சார் வந்தார். நான் அங்கே இருந்ததைச் சொல்லவில்லை, சந்தனத்தையும் சொல்லவில்லை, அவர் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். “சார், நேத்து மத்தியானம் தட்டு வந்திருக்கு. மூணு மூணா, மருந்து வளையம் தட்டுற மாதிரி. ஊடால கையால தட்டுன மாதிரியும் இருக்கு.”

சார் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அப்புறம் சிரித்தார், அந்தச் சிரிப்பு அவருடையதில்லை.

“நாந்தாம்லே தட்டுனேன், பொய்த்தட்டு. நீ சாப்பிடப் போனப்ப வந்தேன்.”

“நீங்களா சார்?”

“ஆமா. கடைசியில பெருசா ஒண்ணு விழுந்திருக்குமே, அது ஒரு தட்டு இல்ல, ரெண்டு. ஒரு கை மரத்தத் தட்டுறப்பவே இன்னொரு கை இரும்பப் போட்டது. பிரிச்சு எடுத்தியா?”

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். உண்மையிலேயே பிரிக்கவில்லை. காதுக்கும் கண்ணுக்கும் அது ஒரே தட்டாகத்தான் இருந்தது. அவர் அந்தத் தாளை இன்னும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

குடோனிலேயே சந்தனத்தோடு மறுபடி அளவு கட்டிவிட்டு, தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணக்குப் போட்டேன், ரீங்காரத்தைக் கழித்துக் கழித்து. சார் சொன்னது சரி. பெரிய தட்டு இரண்டாகப் பிரிந்தது. மொழுக்கென்று மரம் ஒன்று, அதன்மேல் மயிரிழை தள்ளி வெடுக்கென்று இரும்பு ஒன்று. ஒரு கை வளையத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கை கொட்டாப்புளியால் தட்டும்போது, அக்காவுக்கு இரும்பு பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இரும்பைப் போட்டது வேறொரு ஆள், வாசல் பக்கம் நின்று போட்டுவிட்டுத் தப்பியிருக்க வேண்டும். அது யாரென்று முதலாளி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் வளையம் என்று சொன்னதுமே, அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, பயத்தில் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். தாயில்பட்டி அறைக்குள் நடந்ததை, பாவம், எம். புதுப்பட்டி உருளையில் தான் தட்டியதாகச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

கிராப் தாளைக் கொண்டுபோய் அவர் மேஜையில் விரித்தேன். “சார், அந்தப் பெரிய தட்டு விழுந்த நேரத்துல நான் உள்ளதான் இருந்தேன். நீங்க வரல. முனையில சந்தனம் அப்பிருந்தேன், அதுவும் கலையல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“எங்கண்ணன் பிள்ளகுட்டிக்காரர்லே சீனி” என்றார்.

“எங்கக்காவும் பிள்ளகுட்டிக்காரிதான் சார். அவ மகள ஒருத்தரும் கேட்டு வர மாட்டேங்காக.”

“இதக் கொண்டுபோயி யாருகிட்டச் சொல்லுவ? உருளைக்குள்ள செத்தவ தட்டுனான்னு சொல்லுவியா? உன்னயப் பைத்தியம்பாக.”

அதுதான் உண்மை. சந்தனம் கலையவில்லை என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? அக்கா பேருக்கு ஒரே சாட்சி என் கையில் இருக்கிறது, அதை வெளியே எடுத்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். வாயைத் திறக்க வேண்டிய மனிதர் எதிரில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் வெளியில் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது இன்னொன்றையும் அவரிடம் காட்டினேன். கணக்குப் போடும்போது நானே எதிர்பார்க்காதது. இரும்பு விழுந்து, உருளை ரீங்காரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறது இல்லையா, அந்த நடுக்கம் எல்லாவற்றையும் கழித்த பிறகு அடியில் ஒரு தட்டு மிச்சம் நின்றது. இரும்புக்குப் பின்னால். அறையே போன பிறகு. உள்ளங்கையால், மெதுவாக.

“எல்லாத்தையும் நீங்களே தட்டுனதா வச்சுக்கிடுவோம் சார். இதத் தட்டுனது யாரு?”

சார் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதை மட்டும் அவர் தன்னுடையது என்று சொல்லவே இல்லை.

அடுத்த மாதமே குடோனைப் பூட்டிவிட்டார்கள். உருளையை அவர் அண்ணன் எடைக்குப் போட்டார், அது எங்கே போய் எந்த வெடிக்கு அலுமினியப் பவுடராக அரைபட்டதோ தெரியாது. எந்த அறையில் கிடந்த அலுமினியத் தட்டுகளை உருக்கி அதை வார்த்தார்கள் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. சாரிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. செல்விக்கு ரொம்பத் தூரத்தில், எங்கள் பேச்சே எட்டாத ஊரில் மாப்பிள்ளை பார்த்தோம். அம்மாவிடம் அக்கா மேல் தப்பில்லை என்று மட்டும் சொன்னேன், “அது எனக்குத் தெரியாதாய்யா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊர் இன்னும் குருவம்மா தட்டின தட்டு என்றுதான் சொல்கிறது.

நீங்கள் நம்பாதது போல முகத்தை வைத்திருக்கிறீர்கள், பரவாயில்லை. மற்றதையெல்லாம் பிரமை என்று நீங்கள் சொன்னால்கூட நான் சண்டைக்கு வர மாட்டேன், நானே எத்தனையோ நாள் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அளவு கட்டியது நான், அதில் எனக்குப் பிசகாது. அன்று வந்த தட்டெல்லாம் மெல்லிசு, தொலைவில் எங்கோ தட்டியது. கடைசியில் வந்த அந்தக் கைத்தட்டு மட்டும் அப்படி இல்லை. உருளையின் முனையிலேயே, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில், ஒருவர் நேராகக் கை வைத்துத் தட்டினால் என்ன பலம் காட்டுமோ அந்தப் பலம் காட்டியது. நான் ஹெட்போனை எறிந்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்ற நேரம் அது.